இடுப்பில் வைத்த இடது கை

6-8-78, ஞாயிறு
நாக்கு வெந்துபோயிருக்கிறது. யாரிடமும் சொல்ல முடியாது, இதிலாவது எழுதுகிறேன். இன்று கூழ் ஊற்றும் திருவிழாவில் என் மேல் அம்மன் வரவில்லை. பதினெட்டு வருஷமாக வந்தவள். பம்பைக்காரன் வேர்க்க வேர்க்க அடிக்கிறான், தெருவே என்னைப் பார்க்கிறது. சும்மா நிற்பதா? ஆடிவிட்டேன். நடுவில் அரைஞாண் அறுந்து வேட்டி நழுவியது. இடது கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டே ஆடினேன். ஒரு வெள்ளைக்காரம்மா முழங்காலைக் காட்டி, இனி ஆடலாமா என்று பள்ளிக்கூடத்து ஆக்னஸ் டீச்சரை விட்டுக் குறி கேட்டார். "ஆடு மவளே, நான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டேன். பிறகு நாக்கில் கற்பூரம் ஏற்றினார்கள். சாமி இருந்தால் சுடாது.

சுட்டது.

7-8-78
வீட்டுக்காரி சந்திரா மோர் கொடுத்தாள். "இன்னாய்யா, ஊரையே கிண்டல் பண்ற வாயி, பேச்சையே காணோம்? அம்மன் பூட்டு போட்டுட்டாளா?" தலையை மட்டும் ஆட்டினேன். அதுவும் ஆட்டம்தான்.

9-8-78
டீச்சர் அந்த அம்மாவை நான் நெய்கிற தறிக்கே கூட்டிவந்துவிட்டார். பெயர் இங்கா. ஜெர்மனியில் நாட்டியக் குழு வைத்திருக்கிறாராம். நான் ஆடியதைப் படம் வேறு பிடித்திருக்கிறார்.

"அவங்க ஊர்ல தன்னைக் காட்டத்தான் ஆடுறாங்களாம் ஜம்புலிங்கண்ணா. நம்ம சாமியாட்டத்துல உடம்பு இருக்குது, ஆளு இல்ல. அந்த மாதிரி ஆட்டம் கட்டணும்னுதான் இத்தனை புஸ்தகம் படிச்சிட்டு வந்திருக்காங்க."

ஆள் இல்லையா? அன்றைக்கு நான் முழுசாக இருந்தேனே!

இடது கை எதற்கு என்று இங்கா கேட்டார். "அம்மன் வைக்கச் சொன்னா" என்றேன். பயபக்தியோடு எழுதிக்கொண்டார். போகும்போது டீச்சர் மெதுவாகச் சொன்னார்: "வேலூர்ல முழங்காலுக்கு ஆபரேஷன் நாள் குடுத்திருந்தாங்க. நீங்க குறி சொன்னதும் வேணாம்னுட்டாங்க."



13-8-78
பள்ளிக்கூட ஹாலில் இங்காவின் ஒத்திகை. போய்ப் பார்த்தேன். முழங்கால் பந்து மாதிரி வீங்கியிருக்கிறது, ஆனாலும் குதிக்கிறார். இறங்கும்போது பல்லைக் கடிக்கிறார். இடது கை இடுப்பில். என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அந்தப் புண்ணியவதி ஆடுகிறார்.

என்னை முன்வரிசையில் உட்காரவைத்து மாலை போட்டார்கள். தூ!

14-8-78
காலையிலிருந்து மூன்று தடவை இழை அறுந்தது. சொல்லணும்.

15-8-78
சொல்லிட்டேன். "டீச்சர், அன்னிக்கி சாமி வர்ல. நான்தான் பேசினேன். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க, கால் போய்டும்." நம்பணுமே — நாக்கை நீட்டிக் காட்டினேன், கொப்புளம் இன்னும் ஆறவில்லை. டீச்சர் திக்கித் திக்கி இங்கிலீஷில் சொன்னார். அந்தம்மா என் நாக்கையே பார்த்தார். கோபமா, அழுகையா, தெரியவில்லை. கடைசியாக ஒன்றே ஒன்று கேட்டார்: கை?

"வேட்டி" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. நான் சொல்லி ஒருத்தரும் சிரிக்காதது இதுதான் முதல் தடவை.

29-7-79, ஞாயிறு
கூழ் ஊற்றும் நாள். பம்பை அடித்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "எனக்கு வர்லப்பா" என்று சொல்லிவிட்டுக் கரண்டியை எடுத்துக்கொண்டு அண்டாவிடம் போய்விட்டேன்.

காலையில் டீச்சர் ஒரு போட்டோ கொடுத்தார், ஜெர்மனியிலிருந்து வந்தது. ஆபரேஷன் ஆன காலை நீட்டி இங்கா மேடை ஓரத்தில் நாற்காலியில் இருக்கிறார். நடுவில் ஆறு பெண்கள் ஆடுகிறார்கள். ஆறு பேருக்கும் இடது கை இடுப்பில். பின்னால் எழுதியிருந்ததை டீச்சர் படித்துச் சொன்னார்: "இந்த ஆட்டத்தில் ஆள் உண்டு."

மடியில் செருகியிருந்த போட்டோவை எடுத்து இன்னொரு தடவை பார்க்கக் குனிந்தேன். தோள் துண்டு அண்டாவுக்குள் விழுந்துவிட்டது. எடுத்துப் பிழிந்து போட்டுக்கொண்டேன். கூழ் எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது.