பச்சைப் பொட்டலம் காக்கும் பெட்டி

அன்புள்ள ஜிங்-வென்னுக்கு,

இவ்வளவு நீளமாக எழுதி உன் நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு முதலில் மன்னித்துக்கொள். கைப்பேசியில் நாலு வரி போதும்தான், ஆனால் உனக்கென்று எடுத்தாலே தட்டுவதும் அழிப்பதுமாகப் போய்விடுகிறது. இங்கே ஜியாயியில் உன் அப்பாவும் நானும் சுகம், அவர் முட்டிவலிகூடக் குறைந்திருக்கிறது, ஹெல்சிங்கிக் குளிரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

விஷயம் என்னவென்றால், நம் ஸ்கூட்டர் கடைக்குள் இப்போது ஒரு சர்வர் ஓடுகிறது! நானே அமைத்தது. சிப்பி உடைத்துப் பிழைக்கும் என் பிறந்த வீட்டிலிருந்து முதலில் கல்லூரிக்குப் போனவள் நான், படித்ததும் கணக்கியல், இதெல்லாம் நமக்கு வருமா என்று பயம்தான். அலுவலகத்தில் கழித்த கணினியைக் கேட்டு வாங்கி, இணையத்தில் யார் யாரோ எழுதியதைப் படித்துப் படித்துச் செய்தேன். வீட்டுப் படங்கள் இனி நம் பெட்டியிலேயே இருக்கும், எங்கிருந்தும் பார்க்கலாம், ஒவ்வொரு படமும் இரண்டு டிஸ்க்கில் பதிகிறது, ஒன்று போனாலும் மற்றொன்று இருக்கும். சந்தையில் நின்று கைப்பேசியில் முகவரியைத் தட்டினேன், பூட்டுச் சின்னம் வந்து நம் ஃபோல்டர்கள் திறந்தன பார், தனியாகச் சிரித்துவிட்டேன், மீன் உருண்டை விற்கிறவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

நம் ஊர் வழக்கப்படி பெட்டியின் தலையில் பச்சைப் பொட்டலத் தேங்காய் நொறுக்கு ஒன்றும் வைத்தேன், அது இருந்தால்தானே இயந்திரம் சொன்ன பேச்சைக் கேட்கும். "படிச்ச பொண்ணு நீயுமா?" என்று அப்பா கேலி செய்தார். ஒரு சனிக்கிழமை மதியம் சர்வர் அப்படியே செத்துப் போயிற்று. பார்த்தால் பொட்டலத்தைக் காணோம், டீ குடிக்க வந்த டயர் கடை ஆ-குன் மாமா வாயைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். "அடேய், சர்வர் சோத்தத் தின்னுட்டியேடா!" என்று கத்தியவர் வேறு யார், கேலி செய்த அதே அப்பாதான். "பசிச்சுது தின்னேன், உன் பெட்டி என்ன அழுதுச்சா?" என்றார் மாமா. அப்பா செருப்புகூடப் போடாமல் தெருமுனைக் கடைக்கு ஓடி, பச்சை கிடைக்காமல் மஞ்சள் பொட்டலத்தோடு வந்து நின்றார். இப்போது மாமாவுக்குக் கொண்டாட்டம். "மஞ்சளா? சிக்னல் மஞ்சள்ல நின்னா வண்டி ஓடுமாய்யா? நீ எந்த ஊர்க்காரன்?" இவர்கள் சண்டைக்கு நடுவே நான் மேசைக்கடியில் புகுந்து பார்த்தேன், சர்வர் பிளக்கைப் பிடுங்கி அங்கே டீ கெட்டிலைச் செருகியிருந்தது, செருகியவர் அப்பா. மெதுவாகத்தான் சொன்னேன். காதெல்லாம் சிவந்துபோய், "பொட்டலம் இருந்திருந்தா என் கை அங்க போயிருக்குமா?" என்கிறார்! மறுநாள் ஒரு பெட்டி நிறையப் பச்சைப் பொட்டலம் வந்து இறங்கிவிட்டது.

இப்போது கடை மூடியதும் படம் பார்ப்பதுதான் அவர் வேலை, நீ அனுப்பிய பட்டமளிப்புப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறார். அன்றைக்கு என் முகத்தைப் பார்க்காமலேயே, "பழைய படமும் இதுல நிக்குமா?" என்று கேட்டார். எவ்வளவு பழையதானாலும் நிற்கும் என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய்விட்டார்.

பாஸ்வேர்டைத் தனியாக அனுப்புகிறேன், முதலில் அதை மாற்றிவிடு. வெளியே போகும்போது காதை மூடிக்கொள். எடுத்த காரியமெல்லாம் உனக்கு நல்லபடியாக முடியட்டும்.

கேட்கத் தயங்கியது ஒன்று. புயல் வெள்ளத்தில் கடைக் கணினி போன பிறகு உன் அம்மாவின் படம் ஒன்றுகூட இந்த வீட்டில் இல்லை, இருப்பதெல்லாம் நீ கொண்டுபோன சின்ன டிஸ்க்கில்தான். நான் வருந்துவேன் என்று அப்பா உன்னிடம் கேட்கமாட்டார். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மெய்-யுன் அக்கா பெயரில் ஒரு ஃபோல்டர் திறந்து வைத்திருக்கிறேன், காலியாக இருக்கிறது. அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. போடுவாயா?

உன் சித்தி,
யூ-ஹான்