சேட்டு காலைத் தர மாட்டேன் என்கிறான்

எத்தனை பேர் நடுவிலும் என் குரலுக்கு மட்டும் திரும்பிப் பார்க்கும் அக்காவுக்கு,

நான் நன்றாக இல்லை. நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுத இன்றைக்கு எனக்குப் பொறுமை இல்லை. உன் பூனை கட்டிலுக்கு அடியில் கிடக்கிறான். நேற்று காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை. முன்னங்காலில் ஒரு நகம் வளைந்து வளைந்து வளர்ந்து, உள்ளங்கால் சதைக்குள்ளேயே இறங்கிவிட்டது. அந்தக் காலை ஊன்றாமல் நொண்டுகிறான், கிட்டே போனால் சீறுகிறான். நீ பாட்டுக்குப் போய்விட்டாய். நான் என்ன செய்வேன், சொல்.

தொப்பையைப் போட்டுக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்த முதலாளி மாதிரி இருக்கிறான் என்று நீதானே சேட்டு என்று பெயர் வைத்தாய்? இப்போது வந்து பார். தொப்பையும் இல்லை, ஒன்றும் இல்லை. எலும்பும் தோலுமாக இருக்கிறான்.

இந்த நகம் இவ்வளவு தூரம் வந்ததற்கு முலுண்ட் சித்திதான் காரணம். நீ போன அன்றைக்குப் பையும் கையுமாக வந்து இறங்கினவள், "பதிமூணு நாள் இந்த ஆத்துல யாரும் நகம் வெட்டப்படாது" என்றாள். சரி என்றேன். "பூனைக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்" என்றாள். பூனைக்கு என்ன தீட்டு சித்தி என்றேன். "அவளுக்குன்னு வேற யார் இருந்தா? இதைத்தானே கொழந்தையா வளர்த்தா. அது துக்கம் காக்க வேண்டாமா?" என்றாள். சிரிக்க வேண்டிய பேச்சு, எனக்கு அழுகைதான் வந்தது. உனக்காக அவனும் ஏதோ செய்யட்டும் என்று விட்டுவிட்டேன்.

பதிமூன்று முடிந்தது. அதற்கப்புறம் செவ்வாய், வெள்ளி கூடாது. விளக்கு வைத்த பிறகு கூடாது. மற்ற நாளில் நான் ஆபீஸ் விட்டு, லோக்கல் ரயிலில் நசுங்கி, மாட்டுங்கா ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்கு வருவதற்குள் விளக்கு வைக்கிற நேரம் தாண்டிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் படுத்துக் கிடக்கத்தான் தெம்பு இருந்தது, இப்படியே மூன்று மாதம் ஓடிவிட்டது. வயசான பூனைக்கு நகம் தானாகத் தேயாது, தடித்துப் போய் உள்ளே வளையும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? ரசப்பொடிக்கு எத்தனை மிளகு என்று ஐம்பது வயதுத் தங்கையை நிற்க வைத்துச் சொல்லிக் கொடுத்தாயே, இதைச் சொல்லக் கூடாதா?

நான் சும்மாவும் இருக்கவில்லை, அக்கா. துண்டில் சுருட்டிப் பார்த்தேன், துண்டு கிழிந்தது. தூங்கும்போது மெல்லப் பிடித்தேன், ஒரு கண்ணைத் திறந்தான், என் முழங்கையில் ரத்தக்கோடு. போன வாரம், நீ காதைப் பொத்திக்கொள், மார்க்கெட்டுக்குப் போய், புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு, அவனுக்காக மீன் வாங்கி வந்தேன். மீனைத் தின்றான். காலைத் தரவில்லை.

நேற்று அவனைக் கூடையில் அடைத்து, டாக்ஸி பிடித்து, செம்பூரில் ஒரு மிருக டாக்டரிடம் போனேன். டாக்டர் சின்ன வயதுக்காரர், நிதானமானவர். தடிமனான கையுறை போட்டுக்கொண்டு அவரும் இன்னொருவரும் பிடித்தார்கள். சேட்டு வாயைத் திறந்து நாய் மாதிரி மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டான். நாக்கு நீலம் பாய்ந்தது. டாக்டர் சட்டென்று கையை எடுத்துவிட்டார். "ஆன்ட்டி, இதுக்கு மேல பிடிச்சா ஹார்ட் தாங்காது. மயக்க ஊசி போட்டுத்தான் எடுக்கணும்" என்று ஹிந்தியில் சொன்னார்.

அவனுக்குக் கிட்னி வேறு கெட்டுப்போயிருக்கிறதே, இந்த வயதில் மயக்கம் போட்டால் எழுந்திருப்பானா என்று கேட்டேன். அவர் கை கழுவினார். அப்புறம், "சீழ் வெச்சுடுச்சு. திங்கட்கிழமை கூட்டிட்டு வாங்க, அதுக்கு மேல தள்ள முடியாது. அதுக்குள்ள வீட்டுலயே அந்த ஒரு நகத்தை நறுக்கிட்டீங்கன்னா ஊசி வேண்டாம், மருந்து போட்டாப் போதும்" என்றார். என்னால் ஆகாது என்றேன். திரும்பி வரும்போது டாக்ஸியில் அழுதுகொண்டே வந்தேன். டிரைவர் பாட்டை நிறுத்திவிட்டு ஓட்டினார்.

இன்றைக்கு ஞாயிறு.

நாளைக்குக் கூடையில் கொண்டுபோய், வெறும் கூடையோடு திரும்பி வந்தால் நான் இந்தக் கதவை எப்படித் திறப்பேன்? அம்மா போனபோது நீ இருந்தாய். நீ போனபோது, சிரிக்காதே, இவன் இருந்தான். சாவி போடும்போது உள்ளே ஒரு ஜீவன் தலையைத் தூக்கிப் பார்க்கிறது என்பதற்காகத்தான் நான் வீடு திரும்புகிறேன். அதுவும் இல்லாமல் போனால் எனக்கு யார் இருக்கிறார்கள்? பெருமாளிடம் உனக்காகக் கேட்டுப் பார்த்துவிட்டேன், காது கேட்கவில்லை. அதனால் உன்னிடம் கேட்கிறேன்.

நீ எப்படி வெட்டினாய்? இவன் உன்னையும்தான் தூக்க விடமாட்டான். நான் வீட்டில் இருக்கும்போது நீ நகவெட்டியைத் தொட்டு ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனால் அவன் நகம் எப்போதும் திருத்தமாக இருந்தது. என்ன செய்தாய், அக்கா? வாயைத் திறந்து சொல்லேன்.

இவ்வளவும் மத்தியானம் எழுதியது. இப்போது விளக்கு வைத்து நேரமாகிவிட்டது. நடந்ததைச் சொல்கிறேன், கேள்.

சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தேன். சித்தி ஃபோன் பண்ணினாள். கையெல்லாம் பிறாண்டல், ஃபோனைப் பிடிக்க முடியவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டு, உன் பிரம்பு நாற்காலிக்குப் பக்கத்தில் ஜன்னல் கட்டையில் வைத்தேன். அழுவேன் என்று பயந்தாளோ என்னவோ, "ஆபீஸ்ல என்னடி சமாசாரம்?" என்று பேச்சை மாற்றினாள். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டேன். புது மேனேஜர் வந்திருக்கிறான், என் மோர்க்குழம்பு ஏசி ஹாலில் நாறுகிறதாம், டிபனை மாடிப்படியில் வைத்துச் சாப்பிடச் சொல்கிறான் என்று ஆரம்பித்து, ஒரே மூச்சில் கொட்டினேன். நீ போனதிலிருந்து இந்த வீட்டுக்குள் நான் அவ்வளவு பேசினதே இல்லை. யாரிடம் பேசுவது?

கட்டிலடியிலிருந்து சேட்டு வந்தான். மூன்று காலில் நொண்டிக்கொண்டு வந்து, உன் நாற்காலியில் தொற்றி ஏறி, பக்கவாட்டில் சாய்ந்து, முன்னங்காலை நீட்டிவிட்டான். யாரும் கேட்காமலே.

ஆபீஸ் கேன்டீனிலிருந்து தினம் உனக்கு ஃபோன் பண்ணுவேனே. உலகத்துக் குறையெல்லாம் சொல்லுவேன். நீ "அப்புறம்? அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாய். நடுவில் டக்கென்று ஒரு சத்தம் கேட்கும். என்ன அது என்றால், "ஒண்ணுமில்லை, நீ சொல்லு" என்பாய். கொத்தவரங்காய் ஒடிக்கிறாய் என்று நினைத்திருந்தேன். என் புலம்பலை ஸ்பீக்கரில் போட்டு இவனைக் கேட்க வைத்துத்தான் இவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு நகமாக வெட்டியிருக்கிறாய். நானோ இவனைப் பிடிக்கப் போன போதெல்லாம் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு போனேன்.

சித்தி அதற்குள், "அந்தப் பூனையை யார்கிட்டயாவது குடுத்துத் தொலையேண்டி" என்று குரலை உயர்த்தினாள். சேட்டு காதை மடக்கினான். ஃபோனை வைத்துவிட்டேன். ஆனால் பேச்சு நின்றதும் கால் மெல்ல உள்ளே போகிறது. பேச வேண்டும், வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. மேஜையில் இந்தக் கடிதம் கிடந்தது. எடுத்து முதல் வரியிலிருந்து உரக்கப் படித்தேன்.

சித்தி தீட்டுச் சொன்ன இடத்தில் கால் மறுபடி வெளியே வந்தது. மீன் வாங்கின இடத்தில் நகவெட்டியைக் கையில் எடுத்தேன். விளக்கு வைத்தாயிற்று என்று ஞாபகம் வந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டேன். வெறும் கூடை என்ற இடத்தில் என் குரல் உடைந்து நின்றுபோயிற்று. அவன் கண்ணைத் திறந்தான். எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. "அப்புறம்? அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டேன், உன்னை மாதிரியே. அவன் கண்ணை மூடிக்கொண்டான். டக்.

சதைக்குள் இருந்த துண்டை இழுத்ததும் ரத்தமும் சீழுமாக வந்தது. கத்தினான், என் கட்டைவிரலை நன்றாகக் கடித்துவிட்டுக் கட்டிலடிக்கு ஓடினான். நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ரொம்ப நேரம் நக்கிக்கொள்கிற சத்தம் கேட்டது. பிறகு வந்து, வைத்திருந்த தயிர்சாதத்தைப் பாதி சாப்பிட்டான். நாளைக்கு டாக்டரிடம் போவோம், மருந்துக்கு மட்டும்.

ஒன்று கேட்க வேண்டும். அத்தனை வருஷமும் என் கதையைக் கேட்க நீ அத்தனை ஆசையாக இருந்தாய் என்று நினைத்தேனே. அந்த "அப்புறம்" எல்லாம் எனக்காகவா, சேட்டின் நகத்துக்காகவா? இரண்டுக்கும்தான் என்று வைத்துக்கொள்ளட்டுமா?

இன்னும் எத்தனையோ நகம் பாக்கி இருக்கிறது. தினமும் உனக்கு நாலு வரி எழுதி, உன் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் படிப்பேன். செவ்வாயும் பார்க்க மாட்டேன், வெள்ளியும் பார்க்க மாட்டேன். மேனேஜர் உயிரோடு இருக்கிறவரை எனக்குச் சொல்ல விஷயத்துக்குப் பஞ்சம் இல்லை. நீ கேட்க வேண்டிய "அப்புறம்" மட்டும், இனிமேல் நானே கேட்டுக்கொள்கிறேன்.

கடிபட்ட கட்டைவிரலோடு,
உன் வாயாடித் தங்கை
ஜயா