ஆறு பேருக்கும் பதில் ஆள்

1 மார்ச் 2007, வியாழன்
மழை. எங்கள் கடையில் பால் பெட்டிகள் அடுக்கினேன். குழந்தைப் பராமரிப்புப் படிப்புக்குப் பெயர் கொடுக்க அடுத்த கிழமை வெள்ளி கடைசி நாள். என்னைப் போலப் பள்ளியைப் பாதியில் விட்டவர்களையும் சேர்க்கிறார்கள். அம்மாவிடம் கேட்க வாயைத் திறந்தேன். "வெங்காயம் முடிஞ்சுது" என்று சொன்னேன்.

2 மார்ச், வெள்ளி
வெயில். பக்கத்து வீட்டு சந்திரன் அங்கிள் கடைக்கு வந்தார். மலேசியாக்காரர், சட்டம் படிப்பிக்கிறவர். அமெரிக்காவில் ஒரு மாநிலத்துக்கு அவசரத் திட்டம் எழுதுகிறாராம். சட்டசபை உறுப்பினர்கள் எல்லாரும் ஒரே ஆபத்தில் இறந்துவிட்டால்? தேர்தல் வைக்க நேரமிராது. அதனால் ஒவ்வொருவரும் தனக்குப் பதில் ஆளை முன்பே சொல்லிவைக்க வேண்டும்.
"நாளைக்கு நம்ம வீட்டுல ஒத்திகை. நீங்களும் ஒரு உறுப்பினர், அக்கா."
அம்மா: "சாப்பாடு இருக்கோ?"
"இருக்கு லா."
எனக்குத் தேநீர் ஊற்றும் வேலை.

3 மார்ச், சனி
இன்னும் சிரிப்பு அடங்கவில்லை.
ஆறு உறுப்பினர்கள், எல்லாரும் அயலவர்கள். பதில் ஆளின் பெயரை அங்கிளின் காதில் ரகசியமாகச் சொன்னார்கள். பிறகு அங்கிள் அறிவித்தார்: "சட்டசபைக் கூரை விழுந்திருச்சு. எல்லாரும் காலி." மினிகாப் டாக்ஸி ஓட்டும் பரம் மாமா வடையும் கையுமாக சோபாவில் செத்தார்.
பதில் ஆட்களை அழைத்தார். ஜனனி. ஜனனி. மறுபடி ஜனனி. என் பெயர்தான்.
"ஆறு பேரும் ஒரே ஆளையா சொன்னீங்க?"
"தம்பியின்ரை பேரைச் சொன்னா மச்சான் கோவிப்பான்," என்றார் பரம் மாமா. "ஜனனியோடை ஆருக்குக் கோவம்?"
அம்மாவும் என்னைத்தான் சொல்லியிருக்கிறார்.
ஆக, முழுச் சட்டசபையும் நான். "ஒரு சட்டம் போடும்மா," என்றார் அங்கிள். தேநீர்த் தட்டைக் கீழே வைத்தேன்.
"ஜனனி செப்டம்பரில் படிக்கப் போகலாம். குழந்தைப் பராமரிப்பு."
அம்மா எழும்பினார். "என்னடி இது? கடையை ஆர் பாக்கிறது?"
"செத்த ஆக்கள் கதைக்க ஏலாது, அக்கா." பரம் மாமா, கண்ணை மூடியபடியே.
ஆதரவு: நான். எதிர்ப்பு: இல்லை. நிறைவேறியது.
அம்மா வாயைப் பொத்தினார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்தேன். சிரிப்பு.
அங்கிள் மட்டும் கவலையாக எழுதிக்கொண்டிருந்தார். புது விதி: ஒருவருடைய பெயரை இரண்டு பேர் சொல்லக் கூடாது.

4 மார்ச், ஞாயிறு
குளிர். அம்மா முட்டை அடுக்கியபடி, என்னைப் பார்க்காமல்:
"அந்தப் படிப்பு எங்கை?"
"ஹரோ கல்லூரியிலை."
"பஸ்ஸிலையோ போறது?"
"ஓம்."
அடுத்த முட்டைத் தட்டை எடுத்தார்.
"செவ்வாய்க்கிழமை கடையைப் பிந்தித் திறப்பம். பேர் குடுக்க நானும் வாறன். தலையை ஒழுங்கா வாரி இழு."