எத்தனை பேருக்குச் சுடுதண்ணீர்?

ஹாலிஎல
03.03.2024

அன்புள்ள வள்ளிக்கு,

நான் நலம். நீயும் நிரோஜாவும் பேரனும் நலம்தானே. தொலைபேசியில் பேசினால் நிரோஜா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். அதனால் எழுதுகிறேன்.

கேஸ் அடுப்பில் வைத்த கேத்தில் கருகிய கதையைக் கேட்டிருப்பாய். தண்ணீர் வற்றியது தெரியாமல் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். கேஸ் அடுப்பே வேண்டாம், பட்டனை அமுக்கினால் சுடுதண்ணீர் வரும் மெஷின் ஒன்று வாங்குங்கள் என்கிறாள் நம் மகள். நல்ல யோசனைதான். ஆனால் அவள் அனுப்பிய படத்தில் இருப்பது ஒன்றரை லீட்டர் மெஷின். கூட வந்த குரல் பதிவில் பின்னாலிருந்து நீ சொல்வது கேட்டது: "அப்பாவுக்கு அது போதும்." மூன்று தடவை போட்டுக் கேட்டேன்.

நிரோஜாவின் பிள்ளைப்பேற்றுக்கென்று போனபோது மூன்று மாதத்தில் திரும்புவேன் என்றாய். நீ போய் இது எட்டாவது மாதம். ஒன்றரை லீட்டர் என்பது ஓர் ஆளுக்கான அளவு. நான் தவறாக எண்ணவும் கூடும்.

அன்புடன்,
சுந்தரலிங்கம்


வெள்ளவத்தை
12.03.2024

நிரோஜா அப்பாவுக்கு,

எனக்கு உங்களப் போல எழுத வராது. பேசுற மாதிரியே எழுதுறேன். பேரன் தவழுறான், கையில கெடச்சதெல்லாம் வாய்க்குள்ளதான்.

மெஷின் எத்தன லீட்டரா இருந்தா என்ன? அதுக்குப் பின்னால என்னமோ இருக்குன்னு தேடாதீங்க. அதுல ஒரு நல்லது இருக்கு. தண்ணி கொதிச்சதும் பச்ச லைட் எரியுமாம். யாரையும் கேக்க வேணாம்.

கறிவேப்பிலக் கன்றுக்குத் தண்ணி ஊத்துறீங்களா?

வள்ளியம்மை


ஹாலிஎல
24.03.2024

அன்புள்ள வள்ளிக்கு,

கறிவேப்பிலை நன்றாக இருக்கிறது. "யாரையும் கேக்க வேணாம்" என்ற வரியின் கீழ் பென்சிலால் கோடிட்டேன். பிறகு அழித்துவிட்டேன்.

சனிக்கிழமை பதுளை பஸாருக்குப் போனேன். மின்சாரச் சாமான் கடை வைத்திருக்கும் மஹ்ரூப் என்னிடம் விஞ்ஞானம் படித்தவர். உள்பாத்திரம் துருப்பிடிக்காத உருக்கா, பூட்டு உண்டா, மின்சாரம் போனால் பம்ப் வேலை செய்யுமா என்று கொப்பியில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். கடைசியில், "சேர், கொப்பிய மூடுங்க. நான் ஒரே ஒரு கேள்வி கேக்குறேன். வீட்டுல எத்தன பேரு?" என்றார்.

மூடிய கொப்பியை மறுபடி திறந்து புரட்டினேன்.

"என்ன சேர், பாடமாக்கலயா?" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறினேன்.

அந்தக் கேள்விக்கு நீதான் பதில் எழுத வேண்டும்.

சுந்தரலிங்கம்


வெள்ளவத்தை
05.04.2024

நிரோஜா அப்பாவுக்கு,

சரி, எழுதுறேன். கோவிச்சுக்காதீங்க.

உங்களுக்குக் கெட்ட தண்ணியால நெருப்புக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில கெடந்து வந்த நாள்லருந்து பதினஞ்சு வருஷம். ஒவ்வொரு காலையும் தேத்தண்ணி கிளாஸக் கையில வாங்கினதும் "நல்லாக் கொதிச்சுதா?"ன்னு கேட்டீங்க. கொதிச்சுதுங்க, கொதிச்சுதுங்கன்னு நானும் சொன்னேன். சும்மா பழக்கத்துக்குக் கேட்டா பரவாயில்ல. நான் பொய் சொல்றேன்னு உங்க மொகத்துல எழுதியிருந்துச்சு. ஒரு நாளாவது நம்புனீங்களா?

இங்க மாப்பிள்ள கிளாஸ வாங்குறாரு, குடிக்கிறாரு. அவ்வளவுதான். மொத நாள் குசினிக்குள்ள போயி அழுதேன்.

ஒன்றர லீட்டரே வாங்குங்க.

வள்ளியம்மை


ஹாலிஎல
02.05.2024

அன்புள்ள வள்ளி,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை கிழித்து எழுதுகிறேன்.

நீ சொன்னபடி ஒன்றரை லீட்டரே வாங்கினேன். பச்சை விளக்கு எரிந்ததும் வெப்பமானியை வைத்துப் பார்த்தேன். தொண்ணூற்றெட்டு. காலை, மதியம், மாலை என்று இரண்டு நாள் பார்த்தேன். தொண்ணூற்றெட்டு பாகையைத் தாண்டவில்லை. நூறாவதற்கு முன்பே கொதித்துவிட்டதாக விளக்குப் பொய் சொல்கிறது என்று எண்ணினேன். கடைக்கு எடுத்துப் போனேன். யாரிடமும் குரல் உயர்த்தாத நான், நாலு பேர் முன்னால் "ஏமாற்று வேலை" என்றேன்.

மஹ்ரூப் வேறொரு மெஷினை எடுத்து வைத்தார். அதுவும் தொண்ணூற்றெட்டு. பிறகு ஒரு சட்டியில் தண்ணீர் வைத்து கேஸில் ஏற்றினார். தளதளவென்று கொதித்தது. வெப்பமானியை என் கையில் தந்து, "இப்பப் பாருங்க சேர்" என்றார்.

தொண்ணூற்றெட்டு.

"சட்டியும் ஏமாத்துதா சேர்? மல ஏற ஏறத் தண்ணி கொறஞ்ச சூட்டுலயே கொதிக்கும்னு ஒன்பதாம் ஆண்டுல நீங்கதானே படிப்பிச்சீங்க. நூறெல்லாம் கடற்கரைக்கு."

முப்பத்திரண்டு வருடம் அந்தப் பாடத்தைக் கரும்பலகையில் எழுதியவன் நான். அங்கேயே, எல்லோர் முன்னாலும், அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். உன்னிடம் கேட்பதுதான் கடினம்.

காய்ச்சலுக்குப் பிறகு ஒரு நாள், நீ பானையை இறக்கிவைத்த கையோடு முற்றத்தில் துணி காயப்போடப் போனபோது, பாடசாலை ஆய்வுகூட வெப்பமானியை உன் பானையில் வைத்தேன். அப்போதும் தொண்ணூற்றெட்டு. நூறாகும் முன்பே அவசரப்பட்டு இறக்கிவிடுகிறாய் என்று முடிவு செய்தேன். அதை உன்னிடம் நேரே சொல்லத் தைரியம் இல்லை. அதனால் தினமும் கேட்டேன். நீ தினமும் உண்மையைச் சொன்னாய்.

விரும்பினால் பெரிய மெஷினாக மாற்றித் தருகிறேன் என்கிறார் மஹ்ரூப். மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். இந்த முறையும் நான் பதில் சொல்லவில்லை. சொல்லும் உரிமை எனக்கு இல்லை.

சுந்தரலிங்கம்


வெள்ளவத்தை
13.05.2024

நிரோஜா அப்பாவுக்கு,

உங்க கடிதத்த நாலு நாள் தலகாணிக்குக் கீழ வச்சிருந்தேன். ரெண்டு பாகைக்குப் பதினஞ்சு வருஷம். அதுவும் நான் துணி காயப்போட்ட நேரத்துல! கோவம் போகல. போயிரும்னும் சொல்ல மாட்டேன்.

பேரனுக்கு அடுத்த மாசம் ஊசி இருக்கு. அது முடிஞ்சதும் ரயில்ல வாரேன். ஒரு மாசம் இருந்து பாக்குறேன். அந்த வெப்பமானியப் பள்ளிக்கூடத்துலயே குடுத்துருங்க. வீட்டுல இருக்குன்னு தெரிஞ்சா ஹாலிஎலயில இறங்க மாட்டேன், பதுளை வரைக்கும் போயி அடுத்த ரயில்ல திரும்பிருவேன்.

மஹ்ரூப் தம்பிகிட்ட ரெண்டு பேருன்னு சொல்லுங்க.

மெஷின் இருந்தாலும் தேத்தண்ணி நான்தான் ஊத்துவேன். கிளாஸ வாங்குங்க. குடிங்க.

வள்ளியம்மை