மறுநாள் தேதி

கர்த்தருக்குள் பிரியமான என் மூத்தவளுக்கு அம்மா எழுதுவது.

நீ சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நினைப்பதைத் தவிர வேறு வழி வைத்திருக்கிறாயா நீ? தம்பியை அடக்கம் செய்துவிட்டுப் போனதிலிருந்து நாலு மாதமாகப் போனை எடுப்பதில்லை. "வேலை அதிகம்" என்று எப்போதாவது ஒரு வரி அனுப்புகிறாய். அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் துண்டிக்க முடியாது.

அப்பாவுக்கு முழங்கால் வலி. மாத்திரையைப் போடச் சொன்னால் "நீ என்ன டாக்டரா?" என்கிறார். டாக்டர்தான் எழுதிக் கொடுத்தார் என்றால் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்கிறார். நான் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவுக்குத் திரும்பிவிட்டேன். நாள் முழுக்கப் படுக்கை விரிப்பு மடிக்கிறேன். கை தன் பாட்டுக்கு ஓடும், மனசு ஒரு மூலையில் கிடக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் தம்பியின் வேதாகமத்தைப் பற்றித்தான்.

நம் வீட்டுச் சட்டம் உனக்கு மறக்குமா? காலையில் ஆளுக்கு ஓர் அதிகாரம். படித்ததும் ஓரத்தில் பென்சிலால் ஒரு டிக், பக்கத்தில் தேதி. டிக் இல்லையென்றால் தட்டு வராது. நான் போட்ட சட்டம். அவன் டயர் கடையில் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகும் திறந்து காட்டச் சொல்வேன். கறுத்துப்போன விரலால் பக்கத்தைப் பிடித்துக் காட்டுவான்.

விபத்தில் அவன் போன அன்றைய தேதிக்கும் டிக் இருந்தது. அடக்க ஆராதனையில் அதைத்தான் எல்லாருக்கும் திறந்து காட்டினேன். "என் புள்ள வேதம் வாசிச்சிட்டுத்தான் போனான்" என்று வாய் ஓயாமல் சொன்னேன். போதகரும் அதை வைத்தே பிரசங்கம் செய்தார். நீ பாதியில் எழுந்து வெளியே போனாய். துக்கம் தாங்காமல் போகிறாள் என்று நினைத்தேன்.

போன மாதம்தான் அந்தப் புத்தகத்தை மறுபடி தொட்டேன். அவன் விட்ட இடத்திலிருந்து நான் படிக்கலாம் என்று ஆசை. பக்கத்தைத் திருப்பினால் அடுத்த அதிகாரத்தின் ஓரத்திலும் டிக். மறுநாள் தேதி. அவன் கையெழுத்து. அந்த மறுநாள் நாம் அவனைக் குழியில் இறக்கிக்கொண்டிருந்தோம். திருப்பத் திருப்பத் தேதிகள். நான் திறந்து வைத்திருந்த அன்றைய தேதிகூட இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் மூளை வேலை செய்தது. கள்ளப்பயல்! ஒரே மூச்சில் பல மாதத்துக்கும் டிக் போட்டு வைத்திருக்கிறான். சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிப்பதற்குள் அந்தக் கடைசி நாள் டிக் நினைவுக்கு வந்தது. அன்று அவன் படித்தானா? தெரியாது. ஒரு நாளாவது படித்தானா? அதுவும் தெரியாது. அவன் விசுவாசத்தோடு போனான் என்று ஊருக்கே சொன்னவள் நான்.

ஒரு நாள் அவன் என்னிடம், "அம்மா, எனக்கு இது வெறும் எழுத்தாத்தான் தெரியுது, மனசுல ஒண்ணுமே ஒட்டல" என்றான். "டிக் போட்டியா? அப்ப வந்து சாப்பிடு" என்றேன். சலவை இயந்திரத்தின் இரைச்சலிலும் அந்த வார்த்தை என் காதில் விழுகிறது.

நீ விட்டுப்போன வேதாகமத்தையும் எடுத்துப் பார்த்தேன். நீ வேலைக்காக வெளியூர் போன பிறகு வந்த இரண்டு மாதத் தேதிகளுக்கும் டிக் இருக்கிறது. யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தது என்று கேட்கமாட்டேன். அன்று ஏன் எழுந்து போனாய் என்று இப்போது புரிகிறது. அதைச் சுமந்துகொண்டா இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருக்கிறாய்? தப்பு உன்னுடையதல்ல, மகளே. பிள்ளைகளின் முகத்தை விட்டுவிட்டுப் பென்சில் கோட்டைப் பார்த்தவள் நான்.

தினமும் அவன் தேதி போட்ட அதிகாரத்தைத்தான் சத்தமாக வாசிக்கிறேன். நாற்பது வருஷம் படித்தவள், இப்போதுதான் ஒவ்வொரு வரியிலும் நிற்கிறேன். சில வரிகளில் கோபம் வந்து ஆண்டவரிடமே சண்டை போடுகிறேன். சில வரிகளில் மனசு இளகிப்போகிறது. அப்போதெல்லாம் நாற்காலிக்குப் பின்னால் அவன் நிற்பது போல் இருக்கிறது. டயர் ரப்பர் வாடைகூட அடிக்கிறது. நான் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தால் போய்விடுவான் என்று பயம்.

அவன் போட்ட கடைசித் தேதி வருகிற ஞாயிற்றுக்கிழமை. அதற்கப்புறம் ஓரமெல்லாம் வெறுமையாக இருக்கிறது. திங்கட்கிழமைப் பக்கத்தைத் தனியாகத் திறக்க எனக்குத் தைரியம் இல்லை. அன்று அவன் இன்னொரு தடவை போய்விடுவான் போலிருக்கிறது. அப்பா அவன் வேதாகமம் இருக்கிற மேஜைப் பக்கமே வருவதில்லை.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு உன்னைக் கூப்பிடுவேன். ஆளுக்குப் பாதி வாசிப்போம். மனசில் பட்டதைச் சொல். கோபமானாலும் சரி, சந்தேகமானாலும் சரி, நான் குறுக்கே பேசமாட்டேன்.

நீ இருக்கிற அறையிலும் நடக்கிற தெருவிலும் கர்த்தருடைய கண் உன்மேல் இருக்கட்டும். வாசிக்க வாய் வரவில்லை என்றால் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, இரண்டு பேரும் அவனைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். ஆண்டவர் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா