கண்டக்டரின் தீவு

கண்டக்டரே,

போன வாரம் கண் ஆபரேஷனுக்காகத் தஞ்சாவூர் போயிருந்தேன். ஆஸ்பத்திரி வராந்தா முழுக்க லோஷன் வாசனை. கடைசிக் கதவில் ‘ஐசோலேஷன் வார்டு’ என்று எழுதியிருந்தது. ஒரு கண்ணைக் கட்டியிருந்தார்கள். மற்றதால் அதை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டு நின்றேன். நர்ஸ் வந்து, “அய்யா, அங்கல்லாம் போகக் கூடாதுங்க” என்றாள். நான் எங்கே போனேன், உன்னை நினைத்துக்கொண்டு நின்றேன்.

கும்பகோணம் - அணைக்கரை தடத்தில் பதினேழு வருஷம் நான் வண்டி ஓட்டினேன், நீ டிக்கெட் கிழித்தாய். திருப்பனந்தாளில் ஏறும் காலேஜ் பிள்ளைகளை நீ லேசில் விடமாட்டாய். எந்த இங்கிலீஷ் சொல்லுக்கும் பூர்வீகம் தெரிந்தாக வேண்டும் உனக்கு. “பொண்ணு பாக்கப் போனாக்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டாங்கய்யா” என்று கிண்டல் செய்வேன்.

கொரோனா உனக்கு வந்தபோது, அண்ணி உன் மகளின் பிரசவத்துக்காகப் பேராவூரணியில் இருந்தார். நீ மாடி அறையில் தனியாகக் கஞ்சி வைத்துக் குடித்துக்கொண்டு கிடந்தாய். மறுநாளே போன். இருமலுக்கு நடுவிலும் அவ்வளவு உற்சாகம்.

“டிரைவரே, ஐசோலேஷனுக்கு மூலம் புடிச்சிட்டேன். லத்தீன்ல இன்சுலான்னா தீவு. இத்தாலிக்காரன் அதை ஐசோலாங்கறான். பிரெஞ்சுக்காரன் வழியா இங்கிலீஷுக்கு வந்து சேந்துருக்கு. ஆளைத் தீவாக்கிப்புடறதுதான் ஐசோலேஷன். நான் வயித்துல குத்திக்கிற இன்சுலினும் இதே குடும்பந்தான்யா. கணையத்துல குட்டிக் குட்டித் தீவு மாதிரி இருக்காம், அங்கேருந்துதான் அது சுரக்குதாம்.”

“உடம்பு எப்படி இருக்கு, அதைச் சொல்லுய்யா.”

“கொள்ளிடத்துத் திட்டுல பொறந்தவன் நான். தீவு எனக்குப் புதுசா?”

உங்கள் திட்டைச் சுற்றி வெள்ளம் வந்துவிட்டால் படகு போகாது. அந்த நாட்களில் காலையில் மரத்தில் ஒரு துணியைக் கட்டுவீர்கள், பொழுது சாயும்போது அவிழ்ப்பீர்கள். கரையில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு அதுதான் நலச் செய்தி. மாடியிலும் அதையே செய்யப்போவதாகச் சொன்னாய். “பேசினா மூச்சு வாங்குது. துண்டைப் பாத்துக்க டிரைவரே.” என் கொல்லையில் நின்றால் வயலுக்கு அந்தப் பக்கம் உன் மாடி தெரியும்.

மூன்று நாள் காலையில் சிவப்புத் துண்டைப் பார்த்தேன், நிம்மதியாகக் காப்பி குடித்தேன். நான்காம் நாள் காலையிலும் அது இருந்தது. அதனால் உன்னைக் கூப்பிடவில்லை. பதினோரு மணிக்கு அண்ணி போன் செய்து, “நேத்து சாயங்காலத்துலேருந்து அவரு போன எடுக்கலைங்க” என்று அழுதபோதுதான் உறைத்தது. அது முந்தின நாள் கட்டிய துண்டு. கட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். அவிழ்த்தாயா என்று ஒரு சாயங்காலமும் நான் பார்க்கவில்லை.

கதவை உடைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நீ திரும்பி வரவில்லை. முந்தின மாலையே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாயா என்று டாக்டரைக் கேட்டேன். அவர் என் தோளைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார். நான் செய்தது தப்புதான் கண்டக்டரே.

தீவில் கிடப்பவனுக்கு ஒரு சொல் கண்டுபிடித்தாய். கரையில் நின்று தப்பாகப் பார்த்தவனுக்கு இங்கிலீஷில் என்ன சொல்? பேத்தியைக் கேட்டேன். போனில் வெகுநேரம் தேடிவிட்டு, அப்படி ஒன்றும் இல்லை என்கிறாள். நீயாக இருந்தால் விட்டிருக்க மாட்டாய்.

அண்ணி இப்போது அந்த வீட்டில் தனியாக இருக்கிறார். தினமும் சாயங்காலம் கூப்பிடுகிறேன். “நல்லாத்தாங்க இருக்கேன்” என்பார். அதோடு நான் வைப்பதில்லை. என்ன குழம்பு, புளி போட்டதா மோர் ஊற்றியதா என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பேன். மூன்று தடவை அடித்தும் எடுக்காவிட்டால், வரப்பில் இறங்கி நடக்க ஆரம்பித்துவிடுகிறேன்.