தொப்பியின் முடிச்சு

என்னங்க,

நீங்கள் வேலை முடிந்து அறைக்கு வரும்போது நாங்கள் விமானம் ஏறியிருப்போம். பள்ளி விடுமுறை இன்னும் மிச்சம் இருக்கிறதே என்பீர்கள். என்ன செய்ய, இந்த நாட்டு வெயில் எங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. யார் கேட்டாலும் அப்படியே சொல்லுங்கள். நானும் அதையே சொல்கிறேன்.

நீங்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. ஈரத் துண்டை ஜன்னலில் கட்டினீர்கள். உச்சி வெயிலில் எங்களை வெளியே விடவில்லை. கைக்குட்டையை நனைத்து நாலாக மடித்து, தொப்பிக்குள் வைத்துப் பாப்பா தலையில் மாட்டினீர்களே, அதைத்தான் பார்த்துக்கொண்டே நின்றேன். நம் வீட்டில் இருந்தவரை அவளுக்கு ஒரு பட்டன் போட்டுவிட்டதில்லை நீங்கள். இப்போது கை எவ்வளவு பழகியிருக்கிறது!

"உனக்காகத்தான் வாங்கி வெச்சேன்" என்றீர்கள் அவளிடம். துவைத்துத் துவைத்து வெளுத்த தொப்பி. தாடைக்கடியில் மாட்டும் ரப்பரில், சின்ன முகத்துக்கு அளவாக ஒரு முடிச்சு.

நீங்கள் போன பிறகு பாப்பா கேட்டாள்: "அம்மா, இது எனக்குப் பத்தவே இல்லையே. யாரோடதும்மா?"

"அப்பாவுக்கு உன் அளவு மறந்துபோச்சு. வெயில்ல மூளை உருகியிருக்கும்" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன், பாருங்கள்.

பாட்டில்களில் தண்ணீர் நிரப்பி ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன்.

தொப்பியை எடுத்துப்போகவில்லை. அலசிக் கொடியில் போட்டிருக்கிறேன். முடிச்சை அவிழ்க்கவில்லை. காய்ந்ததும் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். இத்தனை நாளும் அந்தப் பிள்ளை வெறுந்தலையோடுதான் திரிந்திருக்கும்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா